மாதம் ஓர் அங்குலம்

“முகத்தை மூடிக்கிட்டு நிக்கிறாங்களே, தப்பு பண்ணது இவங்களா, வேற யாராச்சுமா?”

ஒரு குளிர்கால மாலையில் இப்படிக் கேட்டவள் மின்னா. ஆறு வயதுக்காரி. ஓவியர் எல்வுட் பிரைஸின் அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்து, பழைய ‘கார்னீலியன்’ மாத இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் வைத்த பக்கத்தில் கறுப்பு முகத்திரை அணிந்த ஒரு பெண் படிக்கட்டின் உச்சியில் நின்றாள். கீழே, விருந்து உடையில் ஒரு கனவான் திடுக்கிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

படத்தை வரைந்தவர் எல்வுட்தான். நியூயார்க்கில் பிழைக்க வந்த நாளிலிருந்து அவர் இப்படிப்பட்ட பெண்களைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பாதி திறந்த கதவருகே ஒருத்தி, கப்பல் தளத்தில் ஒருத்தி, அணையப்போகும் விளக்கோடு ஒருத்தி. யார் தப்பு செய்தது என்ற கேள்வி அவருக்கு ஒரு நாளும் எழுந்ததில்லை. 

பதில் தெரிந்தவள் அவர் எதிரில்தான் நின்றாள். மரமேடையில், அதே கறுப்புத் திரைக்குள், மின்னாவின் தாய் லீனா வோஸ். படிக்கட்டுப் பெண்ணும் கப்பல் பெண்ணும் விளக்குப் பெண்ணும் எல்லாம் அவளே.

“பேசாம படத்தைப் பாரு, மின்னா” என்றாள் திரைக்குள்ளிருந்து. எல்வுட் அன்று மேற்கொண்டு வரையவில்லை. வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். வெளிச்சம் இருந்தது.

கார்னீலியன் இதழில் மர்மப் பெண்களைக் கவனித்துக்கொள்ள ஒரு குழு உண்டு. பெயரே மர்மக் குழு. வியாழக்கிழமைதோறும் ஒன்பதாவது மாடியில், வட்ட மேஜையைச் சுற்றிக் கூடும். தலைவர் மிஸ்டர் வெதரில். மெத்தைக்குள் வைக்கும் கம்பிச்சுருள் வியாபாரத்தில் செழித்து, கலைக்குத் தொண்டு செய்ய இந்த இதழை வாங்கியவர். அவருடைய நெற்றி மிக விசாலமானது; பேசும்போது அதை ஜன்னல் வெளிச்சம் படும்படி திருப்பிக்கொள்வார். ஆசிரியர் மிஸ்டர் ஹாலோவே எப்போதும் கண்களைப் பாதி மூடியே வைத்திருப்பார். ஆழ்ந்து சிந்திப்பதாகச் சிலரும், மதியச் சாப்பாடு பலமாக இருந்ததாகச் சிலரும் சொல்வார்கள். மூன்றாமவர் விற்பனைத் தலைவர் மிஸ்டர் பின்னக். அவருக்குக் கூர்மையான நீண்ட மூக்கு. சட்டைப் பையில் ஒரு பித்தளை அளவுகோல் வைத்திருப்பார். எதைக் கண்டாலும் அளப்பார்.

இந்த மூன்று பேர் முன்னால் ஒவ்வொரு வியாழனும் எல்வுட் படத்தோடு நிற்க வேண்டும். உட்காரச் சொல்ல மாட்டார்கள். மணிக்கணக்கில் அவர்கள் பேசுவார்கள். அவர் அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை அவர் மர்மப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்துவிட்டார்.

“உட்கார்ந்திருக்கா” என்றார் ஹாலோவே.

“ஆமா சார். கதைப்படி அவ ராத்திரி பூரா மழையில நடந்து வந்திருக்கா.”

“அதனால?”

“கால் வலிக்கும் சார்.”

பின்னக் படத்திலிருந்த நாற்காலியின் உயரத்தை அளந்தார்.

“பிரைஸ்,” என்றார் வெதரில், வருத்தத்தோடு. “மர்மப் பெண்ணுக்குக் கால் வலிக்காது. கால் வலிச்சா அவ வெறும் பெண்ணு. வெறும் பெண்ணைப் பார்க்க யாருய்யா சந்தா கட்டுவான்? அவனவன் வீட்டுலயே ஒருத்தி இருக்கா.”

நாற்காலி அழிக்கப்பட்டது. அதோடு சில விதிகளும் வந்தன. மர்மப் பெண் சாப்பிடக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவளுக்குக் குழந்தை இருக்கக் கூடாது. முகத்தில் மருவோ தழும்போ இருக்கக் கூடாது. அவள் குடை வைத்திருக்கலாமா என்பதை மட்டும் பல வியாழக்கிழமைகள் விவாதித்து, மழை பெய்யாவிட்டால் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

எல்வுட் இதையெல்லாம் மறுத்துப் பேசியதில்லை. ஒஹாயோவில் ஒரு மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர். பெரியவர்கள் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்ற மூன்றையும் நியூயார்க் வரைக்கும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார்.

அந்த டிசம்பரில் குழு அவசரமாகக் கூடியது. எதிர்த் தெருப் பத்திரிகைக்காரர்கள் ஒரே இதழில் இரண்டு மர்மப் பெண்களைப் போட்டுவிட்டார்கள்.

“நாம எண்ணிக்கையில போட்டி போட வேணாம்” என்றார் வெதரில், நெற்றியை ஜன்னல் பக்கம் திருப்பி. “ஆழத்துல போட்டி போடுவோம். நம்ம மர்மப் பெண் யாரு? நாடே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சு அவ கையைப் பிடிச்சு இந்த மாடிக்குக் கூட்டிட்டு வர்றவனுக்கு ஒரு மோட்டார் கார்!”

“திரை?” என்றார் ஹாலோவே.

“தூக்கறோம்” என்றார் பின்னக். அளவுகோல் வெளியே வந்தது. “மாசம் ஓர் அங்குலம். மொத மாசம் கழுத்து. ரெண்டாவது மாசம் தாடை. மூணாவது மாசம் வாய். ஏப்ரல்ல முழுசா எடுத்துடறோம். ஒவ்வொரு அங்குலத்துக்கும் எத்தனை பிரதி கூடும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன்.”

“சார்,” என்றார் எல்வுட். அந்த அறையில் கேட்கப்படாமல் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“எந்தப் பொண்ணு?” என்றார் வெதரில்.

“திரைக்குள்ள நிக்கறாங்களே, அவங்க.”

வெதரில் அன்போடு சிரித்தார். “பெண்ணோட ரகசியம் பெண்ணுக்கே சொந்தம்னு நினைக்கிறது பழங்காலத்துப் பேச்சு, பிரைஸ். அது சந்தாதாரங்களுக்குச் சொந்தம். நாம வெறும் காவல்காரங்க. காவல்காரன் என்னிக்காவது ஒரு நாள் கதவைத் திறந்துதானே ஆகணும்?”

மறுநாள் எல்வுட் லீனாவிடம் சொன்னார். அவள் மேடையிலிருந்து இறங்கி, திரையைத் தூக்கித் தொப்பிமேல் போட்டுக்கொண்டு, அடுப்பருகே உட்கார்ந்தாள். உதட்டோரத்துத் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. எல்வுட் அதை ஒரு நாளும் வரைந்ததில்லை, விதி அப்படி.

“மிஸ்டர் பிரைஸ், நான் எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னு நினைச்சீங்க? கூலியும் கிடைக்குது, முகமும் மறையுது. ஊர்லயே இந்த ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் இது ஒண்ணுதான்.”

அவள் பென்சில்வேனியாவின் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். லீனா வோஸ் என்பது அவளாக வைத்துக்கொண்ட பெயர். தழும்பு எப்படி வந்தது என்பதை மின்னா தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு சொன்னாள். தழும்பை உண்டாக்கிய கணவன் அன்றிரவு குழந்தையின் பக்கமும் திரும்பினான். விடிவதற்குள் இவள் ரயில் ஏறிவிட்டாள்.

“இன்னொரு ஊருக்குப் போயிடலாமே?”

“ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. வராம நின்னா என் பேரையும் விலாசத்தையும் அவங்களே போட்டுடுவாங்களாம். அதோட, மின்னா இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதியைப் பிடிச்சிருக்கா. எத்தனை ஊருக்குத்தான் ஓடறது?”

எல்வுட் குனிந்து அடுப்புக்கு விறகு போட்டார். இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு பிப்ரவரி அவர் நினைவுக்கு வந்தது. நிமோனியாவில் இந்தக் கம்பளத்திலேயே விழுந்து கிடந்தார். படம் கொடுக்கத் தவறும் ஓவியரைக் கார்னீலியன் மறுபடி கூப்பிடுவதில்லை. அன்று வேலைக்கு வந்த லீனா அடுப்பை மூட்டினாள். பார்லிக் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். முடித்து வைத்திருந்த படத்தைத் தன் மேல்கோட்டில் சுற்றிக்கொண்டு, கோட்டில்லாமல் பனியில் நடந்துபோய் ஒன்பதாவது மாடியில் கொடுத்தாள். ஓவியர் எங்கே என்று கேட்டதற்கு, “மிஸ்டர் பிரைஸுக்கு வேற பெரிய இடத்துல வேலை, நிக்க நேரமில்லே” என்றாளாம். அதிலிருந்து குழு அவரைச் சற்று மரியாதையோடுகூட நடத்தியது. அதைப் பற்றி அவள் பிறகு ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் சரியாக ஒரு நன்றி சொன்னதில்லை.

ஜனவரி இதழில் கழுத்து வந்தது. பின்னக் நேரிலேயே வந்து அளவுகோலை லீனாவின் கழுத்தில் வைத்து அளந்தார். “அம்மணி, மூச்சு விடாதீங்க. அரைக்கால் அங்குலம் போயிடுது.”

பிப்ரவரி இதழில் தாடை வந்தபோது, நாட்டில் முகத்திரையோடு நடக்கும் பெண்களெல்லாம் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். டிராம் வண்டிகளில் கனவான்கள் கையில் கார்னீலியனை விரித்து வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர்களின் தாடையை ஒப்பிட்டார்கள். பால்டிமோரில் ஒரு பள்ளி ஆசிரியையின் திரையை இரண்டு பல் மருத்துவர்கள் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். முதலில் பிடித்தது யார் என்று அவர்களுக்குள் வழக்கு நடந்தது. ஆசிரியை தரப்பில் யாரும் வழக்குப் போடவில்லை. அப்படி ஒரு தரப்பு இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சவ ஊர்வலத்தில் இறந்தவருடைய மனைவியின் திரையைத் தூக்கிப் பார்த்த ஒருவர், இவள் இல்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். குழு இதைப் படித்துவிட்டு, வாசகர்களின் நற்பண்பைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

எல்வுட் தன் கண்ணாலேயே ஒன்றைப் பார்த்தார். படகுத்துறையில் துக்க உடையில் நின்ற ஒரு வயதான அம்மாளின் திரையை ஓர் இளைஞன் வெடுக்கென்று இழுத்தான். திரை கிழிந்து அவன் கையோடு போய்விட்டது. அழுது வீங்கிய முகத்தை மறைக்க வழியில்லாமல் அந்த அம்மாள் கைக்குட்டையைத் தேடினாள். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த இத்தாலியக்காரி ஒருத்தி வண்டியை விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. தன் சால்வையை எடுத்து, இரண்டு கைகளாலும் அந்த முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, படகு வரும்வரை அப்படியே நின்றாள். அதற்குள் வண்டியிலிருந்த பழத்தில் பாதி காணாமல் போயிருந்தது. எல்வுட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, ஒன்றும் செய்யவில்லை. இரவெல்லாம் அந்தச் சால்வை அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

மூன்றாவது படம், வாய் தெரியும் படம், வந்த வாரத்தில் ஒன்பதாவது மாடிக்கு ஒரு மனிதன் வந்தான். சுத்தமாகச் சவரம் செய்த முகம், துடைத்துப் பளபளத்த காலணி, மிகப் பணிவான பேச்சு.

“என் வீட்டுக்காரி காணாம போய் மூணு வருஷமாச்சுங்க” என்றான். “இந்த வாய் அவளோடது மாதிரியே இருக்கு. ஆனா உதட்டோரம் அவளுக்கு ஒரு சின்னத் தழும்பு உண்டு. இதுல காணோம். அதான் ஒரு நிதானத்துக்கு வர முடியலே.”

மூலையில் நின்ற எல்வுட் கையிலிருந்த படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏப்ரல் இதழ் வரைக்கும் பொறுங்க” என்றார் பின்னக், பரவசத்தோடு. “முழு முகமும் வருது.”

“அவதான்னா, கையோட கூட்டிட்டுப் போகலாமில்லீங்களா?”

“பேஷா! கார்லயே கூட்டிட்டுப் போங்க!”

அந்த மனிதனுக்கு வரவேற்பறையில் தினமும் உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கக் காப்பியும் கொடுக்க உத்தரவாயிற்று. இவ்வளவு பொறுமையான வாசகரைத் தான் கண்டதில்லை என்றார் ஹாலோவே.

அவன் போனதும் எல்வுட் மேஜையருகே போனார்.

“சார், ஒரு பொண்ணு முகத்தை மறைச்சுக்கறதுக்கு நிஜமாவே ஒரு காரணம் இருக்கலாமே?”

வெதரில் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அதான் பிரைஸ்! அதைத்தான் நாங்க இத்தனை வருஷமா வித்துக்கிட்டு இருக்கோம்!”

“வெளிய தெரிஞ்சா அவ உயிருக்கே ஆபத்து வந்தா?”

ஹாலோவேயின் கண்கள் முக்கால்வாசி திறந்தன. “ஆபத்து... நல்லா இருக்கே. படத்துக்குக் கீழே போடலாம்.”

அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? பெயரைச் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். வரைய மாட்டேன் என்றால் இரண்டு தெரு தள்ளி வேறு ஓவியர் இருக்கிறார். அவருக்கு லீனா யாரோ ஒருத்தி.

கடைசிப் படத்துக்கு முகம் சரியாக வருகிறதா என்று சான்று பகர, குழு முழுவதும் எல்வுட்டின் அறைக்கு எழுந்தருளியது. லீனா திரையில்லாமல் மேடையில் நின்றாள். அவள் எதிரில் மூன்று நாற்காலிகள். வெதரில் ஜன்னலைத் தேடி நெற்றியைத் திருப்பிக்கொண்டார். ஹாலோவே கண்ணை மூடி, ‘பெண்மையின் கடைசி வாசல்’ என்ற தலைப்பில் தான் எழுதியிருந்த முன்னுரையை மனப்பாடமாகச் சொன்னார். பின்னக் கழற்றி வைத்த திரையை மடியில் போட்டு அளந்துகொண்டே இருந்தார். மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது வெதரில் லீனாவின் பக்கம் கையை நீட்டி, “தொப்பியை எடுத்துக் குடும்மா” என்றார்.

விதிப்படி விட்ட தழும்பைத் தவிர, எல்வுட் உள்ளதை உள்ளபடி வரைந்திருந்தார். அவ்வளவு பேர் முன்னால் வேறு மாதிரி வரைய அவருக்குத் துணிவு வரவில்லை. படத்தை அப்படியே துணியில் சுற்றி, அச்சுத்தகடு செய்யும் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். லீனா கையுறையை மாட்டிக்கொண்டு, “நல்லா வந்திருக்கு, மிஸ்டர் பிரைஸ்” என்றாள். குற்றம் சொல்லும் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் நிஜமாகவே அவரைத் தேற்றத்தான் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை முதல் அச்சுப்படி மேஜைக்கு வந்தது. எல்வுட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பணிவான அந்த மனிதனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

வெதரில் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். “ஆகா! இந்த நெத்தியைப் பாருங்கய்யா. பரம்பரைப் பெருமை! நேர்ல பார்த்தப்பவே நான் கவனிச்சேன்.”

“என் மனசைக் கலக்கறது இந்தக் கண்ணுதான்” என்றார் ஹாலோவே. “பாதி மூடின கண்ணுல முழு உலகம். அச்சு அசலா அவளேதான்.”

“மூக்கு!” என்றார் பின்னக். அளந்துகூடப் பார்க்கவில்லை. “இவ்வளவு நேர்மையான மூக்கை நான் எங்கயோ பார்த்திருக்கேன்.”

அந்த மனிதன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவன் பார்த்த அளவுக்கு அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை. பணிவு மெல்ல அவன் முகத்திலிருந்து வடிந்தது.

“வாய் மட்டும்தான் அவ மாதிரி இருக்கு” என்றான். “சீ! இது அவ இல்லே. எவளோ ஒருத்தி. ஆம்பளை மூஞ்சி மாதிரி இருக்கு.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு, காப்பிக்கு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டான். சுவை அறியாத வாசகர் என்றார் ஹாலோவே. ஏப்ரல் இதழ் விற்றுத் தீர்ந்தது. அவளை யாரும் கண்டுபிடித்துக் கூட்டி வரவில்லை. மர்மம் வென்றது என்று குழு அறிவித்தது. பரிசுக் கார் யாருக்கும் போகாததால், அதில் ஏற்கெனவே போய்வந்து பழகியிருந்த வெதரில் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

லீனா செவ்வாய்க்கிழமை இதழோடு வந்தாள். அடுப்பருகே நின்று மறுபடி மறுபடி பார்த்தாள்.

“அச்சுக்காரங்க கெடுத்துட்டாங்க போல.”

“ஆமா,” என்றார் எல்வுட், தூரிகை கழுவுவதில் மும்முரமாக. “சில சமயம் அப்படி ஆயிடும்.”

“கடவுள் அந்த அச்சுக்காரங்களை நல்லா வைக்கட்டும்” என்று சொல்லி அவள் சிரித்தாள். அவள் பல்வரிசையை எல்வுட் பார்த்தது அன்றுதான். மின்னா அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டி யாரு?” என்றாள்.

அச்சுக்காரர்கள் எதையும் கெடுக்கவில்லை. படம் கூடத்துக்குப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பாட்டு முடிவதற்கு முன்பே எல்வுட் எழுந்து வெளியே வந்துவிட்டார். அறையிலிருந்து வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு அச்சுத்தகட்டுக் கூடத்துக்கு நடந்தார். வார்னிஷ் ஒரு கை பூச வேண்டும் என்று காவல்காரரிடம் சொன்னார். பழகிய முகம் என்பதால் அவர் கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பெரிய காமிராவுக்கு எதிரே சுவரில் படம் சாய்ந்திருந்தது. வண்ணம் இன்னும் காயவில்லை. எல்வுட் முழங்காலிட்டு, ஓய்வுநாளில் வேலை செய்வதற்கும் காவல்காரரிடம் சொன்ன பொய்க்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். எழுந்து லீனாவின் முகத்தை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். முன்பே அச்சில் வந்துவிட்ட வாயையும் தாடையையும் மட்டும் விட்டுவைத்தார்.

அந்த வெறுமையில் ஏதாவது ஒரு முகத்தை வைத்தாக வேண்டும். முன்மாதிரி இல்லாமல், மனப்பாடமாக, அவருக்கு வரையத் தெரிந்த முகங்கள் இந்த உலகத்தில் மூன்றுதான். அத்தனை வியாழக்கிழமைகள் நின்று நின்று பார்த்தவை. ஒருவரிடமிருந்து நெற்றியை எடுத்தார். ஒருவரிடமிருந்து கண்களை. மற்றவரிடமிருந்து மூக்கை. கோபம் இல்லாமல், ஒரு பூவை வரைவதுபோல அக்கறையாக வரைந்தார்.

முடித்து, கத்தியில் ஒட்டியிருந்த கன்னத்து வண்ணத்தைத் தன் கைக்குட்டையில் துடைத்து, நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். காவல்காரர் இன்னும் திரும்பியிருக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மேல்கோட்டை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, குளிரில் அப்படியே நடந்தார்.